தேய்ந்த இரண்டு வில்லைகள்

நெஸ்டா ப்ரோபர்ட் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்னைக் கொலைகாரிங்கறாங்க சார். நாலு மணிக்குள்ள தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணுமாம். வேலையும் போச்சு, பேரும் போச்சு."

சாலைத் துறையின் விசாரணை அதிகாரி ட்ரெவர் கெத்தின் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். மலைத் திருப்பத்தில் மழையில் பைக் வழுக்கி ஒருவன் செத்திருந்தான். அந்தப் புதுச் சாலையின் ஜல்லியைச் சோதித்தவள் நெஸ்டா. டயர்கள் தேய்த்து மழமழப்பாக்கிய பிறகும் ஜல்லியில் எவ்வளவு பிடிப்பு மிஞ்சும் என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. சான்றிதழில் இருந்தது அறுபத்து நாலு.

"நான் அளந்தது நாப்பத்தேழு சார். எங்க ஆய்வகத் தலைவர் கிராடக்கிட்ட சொன்னேன். 'நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ'ன்னார்."

கெத்தினின் உதவியாளர் மோர்வித் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

ஆய்வகத் தலைவர் ஆல்ட்வின் கிராடக், இருபது வருடமாக ஒரு கல்லையும் தொடாமல் கற்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிவந்த பெரிய மனிதர். உள்ளே இருந்தது காற்றுதான். அதையும் டை கட்டி இறுக்கி வைத்திருந்தார்.

"சுத்த சோம்பேறி சார் இவ. அன்னிக்கு கல்லைத் தேய்க்கற சக்கரம் ஓடவே இல்ல. தேய்க்காத கல்லை அளந்து நம்பர் எழுதிட்டா. சோதனைக்குக் கல் பதிச்ச வில்லைகள் அன்னிக்கே என் அலமாரிக்கு வந்துடுச்சு. சாவி என்கிட்ட மட்டும்தான்."

பெட்டியில் ஆறு வில்லைகள் இருந்தன. நாலில் குவாரி ஜல்லி ரெசினில் பதிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் ஒப்புக்கல், சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க எப்போதும் கூடவே ஓடுகிற, மதிப்பு முன்பே தெரிந்த கல். கெத்தின் ஒவ்வொன்றையும் நனைத்து, ரப்பர் வைத்த ஊசலை வீசி அளந்தார். ஜல்லி நாலும் அறுபத்து நாலு. ஒப்புக்கல் இரண்டும் ஐம்பத்திரண்டு.

"பாத்தீங்களா, ஒப்புக்கல் கரெக்டா இருக்கு!" என்றார் கிராடக், பெருமையாக.

"கரெக்டாத்தான் இருக்கு" என்றார் கெத்தின். "ஆறு மணி நேரம் எமரித் தூள்ல தேஞ்சாதான் ஒப்புக்கல் அம்பத்திரண்டுக்கு இறங்கும். ஓடாத சக்கரத்துல இது எப்படித் தேஞ்சுது?"

கிராடக் டையைத் தளர்த்தினார்.

மோர்வித் துள்ளினாள். "ஆறும் ஒண்ணாத்தானே சக்கரத்துல ஏறும்! அப்போ ஜல்லி மட்டும் எப்படிப் புதுசா இருக்கு?"

"தேஞ்ச நாலையும் எடுத்துட்டு, புதுசா வார்த்து வச்சிருக்கார். ஒப்புக்கல்லை மாத்த முடியாது. அது அம்பத்திரண்டை ஒட்டி வரலேன்னா சான்றிதழே செல்லாது. சோம்பேறிப் பொண்ணு ஆறு மணி நேரம் சக்கரம் ஓட்டிட்டு, அப்புறம் உட்கார்ந்து புது வில்லையும் வார்ப்பாளா? அலமாரிச் சாவி உங்ககிட்ட மட்டும்தான்னு நீங்களே சொன்னீங்க. குவாரி யாரோடது?"

"மச்சினனோடது" என்றார் கிராடக். பிறகு அவசரமாக, "மழை இல்லாட்டி அந்தக் கல் வழுக்காது சார்."

"வருஷம் பூரா மழை பெய்யற வேல்ஸ்லயா?" என்றாள் மோர்வித்.

கெத்தின் நெஸ்டாவிடம், "நீங்க எதுவும் எழுதிக் குடுக்க வேண்டாம்மா. உங்க நம்பர்தான் சரி. அந்த ரோட்டை இப்பவே மூடச் சொல்றேன்" என்று தொலைபேசியை எடுத்தார்.

"என் பென்ஷன்..." என்று முனகினார் கிராடக்.

இத்தனை நேரம் அடக்கியதெல்லாம் நெஸ்டாவுக்குப் பொங்கி வந்தது. "த்தூ! செத்தவனுக்கு இருபத்திரண்டு வயசு. அவன் பேராவது தெரியுமா உனக்கு?"

அவருக்குத் தெரியவில்லை.