பொய் சொல்லத் தெரியாத ஓவியம்

"அதைக் கண்டுபிடிச்சது நான் இல்லம்மா" என்றது சுவரில் மாட்டியிருந்த நினைவோவியம்.

கேள்வி கேட்ட ஏழாம் வகுப்பு மாணவி விழித்தாள். முன்வரிசையில் இருந்த நப்பின்னை சட்டென்று ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் உப்புண்ணிப் பாசியைக் கண்டுபிடித்தவள் என்று உலகப் புகழ் பெற்றவள் அவள். தூத்துக்குடியில் அவள் படித்த பள்ளியிலேயே இன்று அவளுடைய ஓவியத்தின் திறப்பு விழா. மூன்று நாள் தலையில் நினைவுகளைப் படிக்கும் வலைத்தொப்பி மாட்டி, அவள் நினைவுகளிலிருந்து வரைந்த ஓவியம் அது. யார் எதைக் கேட்டாலும் அவளாகவே பதில் சொல்லும். பொய் சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது. சம்மதப் படிவத்தில் மட்டும் இருந்த அந்த வரியை அவள் படிக்கவில்லை.

ஓவியம் தொடர்ந்தது. "எங்க ஆய்வகத்துல தட்டு கழுவுற ஜெபக்கனிதான் முதல்ல பார்த்தாங்க. நான் கொட்டச் சொன்ன பாசியைக் கொட்டாம எடுத்துட்டு வந்து, 'மேடம், இந்தத் தண்ணி உப்புக் கரிக்கல'ன்னாங்க. கட்டுரையில அவங்க பேரை எழுதினேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் பயந்திருந்த கணம் வந்தேவிட்டது.

தலைமையாசிரியர் எழுந்தார். "பார்த்தீங்களா பிள்ளைங்களா! இவ்வளவு பெரிய விஞ்ஞானி, தன் பெருமையைத் தட்டு கழுவுறவங்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறாங்க. தன்னடக்கம்னா இதுதான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நப்பின்னை மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். "தன்னடக்கம் இல்லை. அது உண்மை. நான் திருடினேன்."

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் நப்பின்னை ஜெபக்கனியின் வீட்டைத் தேடிப் போனாள். ஜெபக்கனி ஆய்வக வேலையை விட்டு எட்டு வருடமாகியிருந்தது. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"விழாவைப் பார்த்தீங்களா?"

"டிவியில பார்த்தோம் மேடம். நானும் எம் மவளும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஜெபக்கனி. என்னை மன்னிச்சிருங்க."

உள்ளே மகள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. ஜெபக்கனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாசியைக் கண்டது நான்தான்னு ஊர்ல யாரும் நம்பினதில்ல மேடம். எம் மவ ஒருத்திதான் நம்பிட்டிருந்தா. இன்னைக்கு அதைப் பார்த்துட்டு, 'அந்த மேடத்துக்கு என்ன நல்ல மனசும்மா, ஒன் பேச்சு பொய்யாயிரக் கூடாதுன்னு அவங்க பொய் சொல்லுதாங்களே'ங்கிறா."