பதினோரு மணி அடிக்கவில்லை

காலை 9.40. முத்திரைச் சாவியைக் காணவில்லை.

சாவி என்றால் இரும்பு அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோப்பு. கம்ப்யூட்டரை ஓட்டும் ‘ஆமை’ இயங்குதளத்துக்காகக் கட்டப்படும் ஒவ்வொரு மென்பொருள் பொதியிலும் அதுதான் முத்திரை குத்தும். நகல் ஒன்று இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அசலை யாராவது திருடியிருந்தால், அவர்கள் குத்துவதும் செல்லுமே! அப்புறம் எந்தப் பொதியையும் நம்ப முடியாது.

ஆமையின் தலைவிக்கு எதிரே அவளுடைய சொந்தத் தம்பி நின்றான். இரண்டு வருடத்துக்கு முன் கோபித்துக்கொண்டு ‘நண்டு’ இயங்குதளத்துக்குப் போனவன். ஆமையும் நண்டும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஊருக்கே திறந்துவிட்டவை. திறக்காமல் கிடந்தது இந்த இரண்டு பேரின் வாய்தான். நண்டின் பொதி கட்டும் கருவியை ஆமைக்கும் சேர்த்து அவன் எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

“நேத்து கடைசியா இந்த மெஷின்ல உக்காந்தது நீதானே?”

“நான்தான்க்கா. புதுக் கருவியை ஏத்திட்டு ஆறு மணிக்குக் கிளம்பிட்டேன்.”

“நாலு மணிக்குக் கூட்டம் இருக்கு. உங்க கருவியே வேண்டாம்னு சொல்லிடப் போறேன். நீயும் இந்தப் பக்கம் வராதே.”

தம்பியின் முகம் வாடிப்போயிற்று. பார்க்கவே பாவமாக இருந்தது.

10.30. சல்லடை வந்தாள். சோதனைப் பிரிவுக்காரி. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். முதலில் பதிவேட்டைப் புரட்டினாள். நேற்று ஆறு மணிக்குப் பிறகு யாரும் நுழையவில்லை. இன்று காலை ஆறுக்குப் புதுக் கருவி முதல்முறையாகத் தானாக ஓடி, பொதிகளைப் புதிதாக இறக்கியிருந்தது.

“கருவியில வேற யாராவது கை வச்சீங்களா, மேடம்?”

“நான்தான் போன வாரம் கொஞ்சம் இளைக்க வச்சேன். ஒன்பது வரி தண்டத்துக்கு இருந்துச்சு, வெட்டிட்டேன். நேத்து இவன் ஏத்தினது அந்தப் பிரதியைத்தான்.” அந்த நிலைமையிலும் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை.

11.05. சல்லடை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“டீ மணி அடிக்கலையே?”

அது அக்காவே எழுதிப்போட்ட குட்டி நிரல். தினமும் பதினோரு மணிக்கு டிங் டிங் என்று உயிரை வாங்கும். மூன்று வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

“சாவியே போச்சு, உனக்கு டீ கேக்குதா?”

“டீ வேண்டாம் மேடம். மணியையும் காணோம். சாவியைத் திருட வந்தவனுக்கு டீ மணி எதுக்கு? ரெண்டும் எங்க இருந்துச்சு?”

“ஒரே ஃபோல்டர்லதான். ஆமையில எல்லாரும் சொந்தச் சாமானை அங்கதானே வைப்போம்.”

“உங்க நண்டுல?” சல்லடை தம்பியிடம் திரும்பினாள்.

“எங்ககிட்டயும் அதே பேர்ல ஃபோல்டர் உண்டு, ஆனா அது பொதிகளோட கிடங்கு. கருவி அதை மொத்தமா காலி பண்ணிட்டுத்தான் புதுசா அடுக்கும். ஆமையில ஓடினா மட்டும் தொடக்கூடாதுன்னு நான் ஒரு…”

பாதியில் நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான்.

சல்லடை கருவியின் பழைய பிரதியைத் திறந்தாள். வெட்டுப்பட்ட ஒன்பது வரிகளும் அதில் இருந்தன.

“யாரும் திருடலை மேடம். கருவி பெருக்கித் தள்ளிடுச்சு. தடுக்க இருந்த காவலை எடுத்தது நீங்க. சாவி யார் கையிலயும் இல்ல, பயப்படாம நகலை எடுத்து வைங்க.”

அக்கா திரையருகே குனிந்தாள். ஒன்பதில் முதல் வரி தம்பி எழுதிவைத்த குறிப்பு: ‘ஆமையில் இது அக்காவின் அலமாரி. கை வைக்காதே.’

“படிக்கவே இல்லடா,” என்றாள். “நீ எழுதினதுன்னதும் தண்டம்னு நினைச்சுட்டேன்.” அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பது வரிகளையும் அவளே திரும்பச் சேர்த்தாள். பிறகு எழுந்தாள்.

“வா, டீ குடிக்கலாம். நாலு மணிக் கூட்டத்துல என் பக்கத்துல உக்காரு.”

“மணி இன்னும் அடிக்கலையேக்கா.”

“அதான் நான் கூப்பிடுறேனே!”