சொல்லிவிட்டு இழுத்த பெட்டி

மாரமங்கலம் பள்ளிக்கூடத்தில் அன்று பாடம் இல்லை. சேலத்திலிருந்து டாக்டர்கள் வந்து முகாம் போட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறையைக் கைவலிக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்ததால், காளியாயி தன் சொந்த பெஞ்சிலேயே விருந்தாளி போல உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அவள் அம்மா கண்ணாயி. எஸ்டேட்டில் மிளகு பறிப்பவள். மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மிளகைக் கிள்ளுவாள். போன வாரம் ஏணி லேசாக அசைந்தபோது பிடி நழுவிக் கீழே விழுந்துவிட்டாள். நல்லவேளை, இரண்டாவது படியில்தான் நின்றிருந்தாள்.

எஸ்டேட்டில் கணக்கெழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் ஞானசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கை நல்லாயிருக்குதுன்னு டாக்டர் சீட்டு குடுக்கட்டும். அப்புறந்தான் ஏணி."

டாக்டர் லூர்துசெல்வியின் மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைச் சும்மா பிடிச்சுக்கங்க. உள்ளே ஒரு எடைக்கல் திடீர்னு விழுந்து, கைப்பிடியைக் கீழே இழுக்கும். உங்க கை எவ்வளவு சீக்கிரம் இறுக்கிப் பிடிக்குதுன்னு இந்த முள் தாள்ல கோடு போட்டுக் காட்டும்" என்றார் டாக்டர். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், கரகரவென்று ஓடும் தாளின் அருகே உட்கார்ந்திருந்தார்.

கண்ணாயி பிடித்தாள். கைப்பிடி வெடுக்கென்று இழுத்தது. அவள் விடவில்லை. ஐந்து முறையும் விடவில்லை.

"அருமை! காலையிலிருந்து வந்த எல்லாருக்குமே கை நல்லாயிருக்கு. மலைக்காத்து போலிருக்கு!" என்று சிரித்தபடி டாக்டர் பேனாவை எடுத்தார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. காளியாயிக்கு மட்டும் மலரவில்லை. காலையில்கூட அம்மா கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்ததே! வீட்டில் விழுகிறது, இங்கே மட்டும் எப்படி விழாமல் இருக்கிறது?

அவள் பெட்டியையே பார்த்தாள். டாக்டர் சீட்டை எழுதி முடிப்பதற்குள், வரிசையில் அடுத்து நின்ற ஒரு தாத்தா கைப்பிடியைப் பிடித்தார். கூர்ந்து கேட்டபோது அவளுக்கு அது புரிந்தது. ஒவ்வொரு முறையும் கல் விழுவதற்குச் சற்று முன்னால், பெட்டிக்குள்ளே 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

சொன்னால் அம்மாவுக்குச் சீட்டு கிடைக்காமல் போகலாம். மிளகுப் பறிப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. காளியாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால், ஏணி சரிவதற்கு முன்னால் 'டிக்' என்று சொல்லிவிட்டா சரியும்?

"டாக்டரம்மா, நான் ஒருக்கா பிடிச்சுப் பார்க்கட்டுங்களா?"

"உனக்கு என்ன கண்ணு, கையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தானுங்க இருக்குது. பெட்டிக்குத்தான் ஏதோ கோளாறுங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "வா" என்றார்.

காளியாயி கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப!" என்றாள். கல் விழுந்தது. மறுபடி, "இப்ப!" கல் விழுந்தது. நான்கு முறையும் அவள் சொன்ன பிறகே விழுந்தது.

டாக்டர் எழுந்து இந்தப் பக்கம் வந்து பெட்டியில் காதை வைத்தார். 'டிக்'. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட! இழுக்கப்போறேன்னு இதுவே எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கா! தாள் ஓடுற சத்தத்துல எனக்குக் கேட்கலையே! காலையில வந்தவங்களையும் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கணும்."

கண்ணாயி பதறிப்போனாள். "ஏனுங்க, நான் ஏமாத்தலீங்க. அந்தச் சத்தம் வந்தாக் கை தானா இறுக்கிக்குதுங்க."

"நீங்க ஏமாத்தலைம்மா. பெட்டிதான் ஏமாத்திடுச்சு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டு இன்னொரு தடவை பார்ப்போமா?"

பஞ்சு வைத்தார்கள். கல் விழுந்தது. கைப்பிடி அம்மாவின் விரல்களிலிருந்து வழுக்கி, மேசையில் 'டொக்' என்று இடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. அம்மா தன் வெறும் கையைப் பார்த்தபடி நின்றாள். காளியாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் அம்மாவின் மணிக்கட்டை மெதுவாக அழுத்திப் பார்த்தார். "விரல் நுனி மரத்துப்போகுதா?"

"நாலு மாசமாவே அப்படித்தானுங்க. ஊட்டுல எது விழுந்தாலும், எனக்குத்தான் கவனமில்லைன்னு என்னையே திட்டிக்குவனுங்க."

"கவனக்குறைவு இல்லைம்மா. இந்த இடத்துல நரம்பு நெருக்கப்பட்டிருக்கு. அதனால ஒரு பொருள் நழுவுறது விரலுக்கு லேட்டாத் தெரியுது. மணிக்கட்டுக்குக் கட்டை வச்சுக் கட்டுறேன். மூணு மாசம் ஏணி வேண்டாம், கீழே இருந்து செய்யுற வேலை போதும். இப்பவே பார்த்துட்டதால சரியாயிடும்."

வெளியே வந்ததும் காளியாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோவமாம்மா?"

கண்ணாயி கட்டுப் போட்ட கையால் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கோவமா? நான் கவனங்கெட்டவ இல்லைன்னு இன்னைக்குத்தான் சாமி எனக்கே தெரிஞ்சுது. நொம்ப நாளா மனசுல கெடந்த பாரத்தை எறக்கி வச்சுட்டயே!"

சீட்டைப் படித்த ரைட்டர், களத்தில் மிளகு காயவைக்கும் வேலையைக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடியும் வந்தார். பெட்டிக்குள் ரப்பர் வைத்துச் சத்தத்தை அடக்கியிருந்தார். முதல் ஆளாகக் கண்ணாயி வந்தாள். இரண்டு கையிலும் ஏந்தி ஒரு பெரிய பலாப்பழத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேசை கிறீச்சிட்டது.

"வீட்டுல இருந்து இதை நீங்களேவா தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. ஒரு எடத்துலயும் கீழ வைக்கலீங்க!"

டாக்டர் பெட்டியை ஓரமாக நகர்த்தினார். "சோதனை அப்புறம். முதல்ல இதை அறுப்போம்."

முதல் சுளை காளியாயிக்குக் கிடைத்தது.