வலது தோளில் ஒரு கை

மாலை ஏழு மணிக்கு வழக்கமான மின்வெட்டு. மீண்டும் விளக்கு எரிந்தபோது பெரியவரின் கழுத்தில் சங்கிலி இல்லை.

"இவதான்! என் வலது தோள்ல கை வச்சு உருவிட்டா!" என்று வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மருமகளைக் காட்டினார். மகன் இறந்த பிறகும் அந்த வீட்டிலேயே இருப்பவள் அவள். இடப்பக்கம் இருந்தவர் வீட்டு மாப்பிள்ளை. கூடத்தில் வேறு யாருமில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு கான்ஸ்டபிளுடன் வருவதற்குள் மருமகளின் பெட்டியும் படுக்கையும் அலங்கோலமாகக் கிடந்தன. சங்கிலி மட்டும் கிடைத்தபாடில்லை.

"ஜன்னல் வழியா வீசியிருப்பா. உள்ள தூக்கிப் போடுங்க மேடம்," என்றார் மாப்பிள்ளை, மாமனாரின் மாத்திரைப் பையை மடியில் வைத்தபடி. இன்ஸ்பெக்டருக்கு அந்த ஆளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களை எல்லாம் கைது செய்ய முடியுமா என்ன?

"எப்பவும் இங்கதான் உட்காருவீங்களா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"இல்ல. இன்னிக்கு அண்ணன்தான் இந்த நாற்காலியில உட்காரச் சொன்னார்," என்று மாப்பிள்ளையைக் காட்டினாள்.

"மாமாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?"

"பக்கவாதம் வந்ததிலேருந்து அண்ணன்தான். என்னை விடவே மாட்டார்."

"வாயைத் திறந்தா பொய்!" என்று பெரியவர் உறுமினார். அப்போது அவருடைய இடது கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவர் வலது கையை நாற்காலியில் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஐயா, கண்ணை மூடிக்கோங்க."

பெரியவர் மூடிக்கொண்டார். ஓசைப்படாமல் வாசற்படியில் போய் நிற்கும்படி இன்ஸ்பெக்டர் மருமகளுக்குச் சைகை காட்டினார். பிறகு பெரியவரின் இடது தோளில் மெல்லக் கை வைத்தார்.

பெரியவர் வலப்பக்கம் திரும்பிச் சீறினார். "கையை எடுடி, திருடி!"

"இப்ப கண்ணைத் திறந்து பாருங்க."

மருமகள் தொலைவில், வாசலில் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டரின் கை இன்னும் இடது தோளிலேயே இருந்தது.

"மூளையில வந்த கோளாறு ஐயா. இடது பக்கம் தொட்டா உங்களுக்கு வலது பக்கம் தொட்ட மாதிரி இருக்கும். கொசு உட்கார்ந்தது இடது கையில, நீங்க தேய்ச்சது வலது கையை. டாக்டர் இதை ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார்." இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "இருட்டுல இடது பக்கமிருந்து கை வச்சது நீங்க. பழி விழறதுக்குத் தோதா இவங்களை வலது பக்கம் உட்கார வச்சதும் நீங்க. உங்களுக்குச் சங்கிலி முக்கியமில்ல. இவங்களைத் துரத்திட்டா வீடு முழுசும் உங்களுக்கு."

"கதை ஜோரா இருக்கு. சாட்சி எங்க?"

"அவங்க படுக்கையைக்கூடப் புரட்டிப் பார்த்தாச்சு. உங்களை யாரும் சோதிக்கலையே. அந்தப் பையைக் குடுங்க."

மாத்திரை அட்டைகளுக்கு நடுவிலிருந்து சங்கிலி வெளியே வந்தது. கான்ஸ்டபிள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

பெரியவர் மருமகளின் பக்கம் திரும்பினார். "கோவத்துல வீட்டை விட்டுப் போயிடாதேம்மா."

மருமகள் தரையில் கிடந்த புடவையை எடுத்து உதறி மடித்தாள்.

"நான் ஏன் போகணும்? இது என் வீடும்தான். ஆனா மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க, மாமா."