நின்று நின்று பாடிய பெட்டி

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணிதான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. ஆனால் உருண்டை முகமும், ஓரிடத்தில் நிற்காமல் உருண்டோடும் காலுமாக இருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அண்ணன் கேட்பான். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

பட்டாணியின் அம்மா தபால்காரர். வெயில், மழை பாராமல் தெருத் தெருவாக நடந்த கால் அவருடையது. அந்தக் கால்தான் ஒரு மழை நாளில் மாடிப்படியில் வழுக்கி முறிந்துபோனது. மாவுக்கட்டுப் போட்டார்கள். பிறகு கட்டைப் பிரித்தும் ஆயிற்று.

"எலும்பு கல்லு மாதிரி சேர்ந்துடுச்சு," என்றார், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோ அக்கா. "இனிமே நடந்தாத்தான் கால் பழையபடி வரும். பயந்துக்கிட்டு உட்கார்ந்தே இருந்தா விறைச்சுப் போயிடும்."

அம்மாவுக்கோ எழுந்து நின்றாலே உடம்பு நடுங்கியது. படுக்கையறைக் கதவிலிருந்து வாசல் கதவு வரை ஒரு கூடம். அவ்வளவுதான் தூரம். ஊரெல்லாம் நடந்தவருக்கு அந்தக் கூடம் கைப்பிடி இல்லாத பாலம் போலத் தெரிந்தது.

"பாட்டுப் போட்டு நடந்து பாருங்க," என்றார் பிசியோ அக்கா. "தாளத்துக்குக் கால் தானா வரும். பயப்படறதுக்கு அதுக்கு நேரமே கொடுக்கக் கூடாது."

பாட்டு என்றதும் அப்பா துள்ளி எழுந்தார். அவர் வீடுகளுக்கு வரைபடம் போடுபவர். உள்ளறையில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. அம்மாவுக்குப் பிடித்த பாட்டெல்லாம் அதற்குள்தான். ஆனால் அது பாடினால் டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கூடத்தில் இருந்த பெரிய ஸ்டீரியோ பாடினாலோ, ஜன்னல் கண்ணாடிகூடச் சேர்ந்து பாடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

அப்பா கடைக்குப் போய், சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்தார். அதை ஸ்டீரியோவின் முதுகில் செருகினார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்டை வைஃபை தூக்கிட்டு வந்து இதுகிட்ட கொடுக்கும். இது ஸ்டீரியோகிட்ட கொடுக்கும். நடுவுல ஒயரே கிடையாது."

"அப்போ இதுவும் ஒரு தபால்காரர்தான்," என்றாள் பட்டாணி.

வெகு நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தார்.

முதல் நாள் மாலை. உள்ளறையில் பட்டாணி பாட்டைத் தட்டிவிட்டாள். கூடத்தில் ஸ்டீரியோ துள்ளலாக ஒரு பாட்டை எடுத்தது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. பிசியோ அக்கா சொன்னது போலவே கால் தாளத்தோடு ஒட்டிக்கொண்டது. கூடத்தின் பாதியை நெருங்கும்போது பாட்டு டக்கென்று நின்றது.

அம்மாவும் நின்றார். முகம் வெளுத்தது. அப்பா ஓடிப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அம்மா உட்கார்ந்த சற்று நேரத்தில், எதுவும் நடக்காதது போலப் பாட்டு விட்ட இடத்திலிருந்து பாடியது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அம்மா நடக்கும்போது பாட்டு நின்றுபோகும். உட்கார்ந்துவிட்டால் கணீரென்று பாடும்.

"இந்தப் பெட்டிக்கு அம்மாவைக் கண்டா பயம்போல," என்றான் அண்ணன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவன் எண்ணம்.

அப்பா பெட்டியைக் கழற்றினார், மாட்டினார், வாயால் ஊதினார்.

"அப்பா, அது புகையற அடுப்பு இல்ல, ஊதறதுக்கு," என்றாள் பட்டாணி.

ஊதியும் பயனில்லை. அன்று மாலை பாட்டு மறுபடியும் பாதியில் நின்றபோது, அம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"போதும்ங்க. பாட்டும் வேணாம், நடையும் வேணாம். நல்லா நடக்க ஆரம்பிக்கறப்போ நிக்குது. உடனே விழுந்த ஞாபகம் வந்துடுது. நான் வேலையை விட்டுடறேன். ஆபீஸ்ல சொல்லிடுங்க."

அம்மாவுக்காகத் தெருவில் எத்தனை பேர் வாசலில் நின்று காத்திருப்பார்கள் என்று பட்டாணிக்குத் தெரியும்.

அப்போது சமையலறையிலிருந்து அத்தை வந்தார். கையில் நீலநிற ஒத்தடப் பை. நன்றாகச் சூடாக இருந்தது. "காலை நீட்டும்மா," என்று சொல்லி, மெதுவாக அம்மாவின் காலில் ஒத்தி எடுத்தார்.

அத்தை அப்பாவின் அக்கா. அம்மா விழுந்த செய்தி கேட்டதுமே, தன் வீட்டுச் சாவியையும் தொட்டிச் செடிகளையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு வந்தவர். அன்றிலிருந்து சமையல், துணி, பட்டாணியின் சடை எல்லாம் அவர் பொறுப்பு. மனசு தங்கம். ஆனால் தொட்டால் சுருங்கிவிடுவார்.

ஒருநாள் அண்ணன் வாய் தவறி, "அம்மா சட்டையை வேற மாதிரி மடிப்பாங்க அத்தை," என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அத்தையின் பை கட்டிலுக்கு மேலே ஏறிவிட்டது. "நான் இருக்கறது இடைஞ்சல்னா கிளம்பறேன்பா." அவரைச் சமாதானம் செய்வதற்குள் அப்பாவுக்கு நாக்கு வறண்டுபோனது.

அம்மா நடையே வேண்டாம் என்று சொன்ன மறுநாள் பள்ளி விடுமுறை. பட்டாணி ஸ்டீரியோவில் பாட்டு ஓடவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை சமையலறையில் அம்மாவுக்குப் பால் சூடு பண்ணப் போனார்.

பாட்டு நின்றது.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு 'டிங்' என்றது.

பாட்டு வந்தது.

பட்டாணி பென்சிலைக் கீழே வைத்தாள். அத்தை பாலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனதும், மெதுவாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்து மைக்ரோவேவைத் தட்டினாள். கூடத்தில் பாட்டு அடங்கியது. நிறுத்தினாள். பாட்டு எழுந்தது. மறுபடி தட்டினாள். அடங்கியது.

அலமாரியில் மைக்ரோவேவுக்குப் பக்கத்திலேயே வைஃபை கருவி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னடி பண்றே, வெறும் தண்ணியைச் சமைக்கிறியா?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தான்.

பட்டாணி செய்து காட்டினாள். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அட, ஆமா. மைக்ரோவேவ்ல வர்ற அலையும் வைஃபை அலையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இது ஓடினா அது பேசறது கேக்காது. சந்தையில ரகசியம் பேசற மாதிரி. எனக்கு முதல்லயே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்லுவேன்." அண்ணன் திரும்பினான். "அம்மா நடக்கறப்போதான் அத்தை ஒத்தடப் பையைச் சூடு பண்றாங்க. அதான் விஷயம். இரு, எல்லார்கிட்டயும் சொல்றேன்."

பட்டாணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான். சட்டை மடிக்கிறதுக்கே பையை எடுத்தவங்க அவங்க. அம்மா நடக்காததுக்குக் காரணமே அவங்கதான்னு தெரிஞ்சா என்ன ஆகும்?"

அண்ணன் யோசித்தான். "அழுவாங்க."

"அழுதுட்டுக் கிளம்பிடுவாங்க. இவ்வளவு செஞ்சவங்களை அப்படி அனுப்பலாமா?"

"அப்போ என்னதான் பண்றது?"

அது பட்டாணிக்கும் தெரியவில்லை. வைஃபை கருவியை நகர்த்தலாம் என்றால், ஒயர் சமையலறை ஜன்னல் வழியாக வந்து அந்த அலமாரியோடு முடிந்துவிட்டது. கனெக்‌ஷன் கொடுத்தவர் வந்துதான் மாற்ற வேண்டும். அம்மா அதுவரை காத்திருந்தால் நடக்கும் ஆசையே போய்விடும். மைக்ரோவேவை நகர்த்தினாலோ, ஏன் என்று அத்தை கேட்பார்.

மதியம் முழுக்க யோசித்தாள். பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

"கேளு கண்ணு."

"அம்மாவுக்கு நடக்கறப்போ ஒரு கை வேணும். அப்பா பிடிச்சா, அவர் உயரத்துக்கு அம்மாவோட தோள் மேல போயிடுது. நான் பிடிச்சா அம்மா குனியணும். இந்த வீட்ல அம்மா உயரம் நீங்க ஒருத்தர்தான். இன்னிக்கு நீங்க பிடிச்சுக்கறீங்களா?"

அத்தை கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

"எனக்கு ஒத்தடம் தயார் பண்ற வேலை இருக்கே."

"வெந்நீரை முன்னாடியே பிளாஸ்க்ல ஊத்தி வச்சுடலாம் அத்தை. அப்புறம் துண்டை நனைச்சு ஒத்தடம் கொடுக்கலாம்."

அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லவா? உங்கம்மா தடுமாறறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லடி. அதான் உள்ள போய் அந்த அடுப்பைத் திருகிக்கிட்டு நிக்கிறேன். நான் பிடிச்சு அவ விழுந்துட்டா?"

"அம்மாவுக்கும் பயம்தான் அத்தை. ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுங்களேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வாய் இருக்கே வாய்."

அம்மாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. "வேணாம்னு சொன்னேனே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அத்தை பக்கத்தில் போய்க் கையை நீட்டியதும், அந்தக் கையைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை.

"இன்னிக்கு ஒரே ஒரு தடவை, அண்ணி. உங்களுக்காக," என்றார் அம்மா.

பட்டாணி பாட்டைத் தட்டிவிட்டு ஓடிவந்து கூடத்து மூலையில் நின்றாள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அத்தை. வாக்கர் இல்லாமல் அம்மா நடந்தார். யார் கை யாரைப் பிடித்திருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு கையும் நடுங்கின. ஆனாலும் கால்கள் தாளம் தவறவில்லை. வழக்கமாக உட்கார்ந்துவிடும் இடம் வந்தது. அதையும் தாண்டினார்கள். பாட்டு நிற்கவில்லை.

அண்ணன் பட்டாணியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அப்போதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. 'அடடா, அக்கா இங்கே இருக்கிறாளே, ஒத்தடப் பையை யார் சூடு பண்ணுவது?' யாரிடமும் சொல்லாமல், நல்ல பிள்ளையாகச் சமையலறைக்குப் போனார். பையை மைக்ரோவேவில் வைத்துத் தட்டினார்.

பாட்டு நின்றது.

அம்மா அப்படியே உறைந்தார். பின்னால் நாற்காலி இல்லை. வாசல் கதவு இன்னும் சில அடி தள்ளி இருந்தது.

"அண்ணி, என்னால முடியல," என்றார் அம்மா.

அத்தையின் முகத்திலும் பயம்தான். ஆனால் அவர் கையை விடவில்லை. வாயைத் திறந்தார். நின்றுபோன பாட்டை, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார்.

அத்தை பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை என்று இப்போது புரிந்தது. சுருதி ஒரு பக்கம் போனது, அத்தை ஒரு பக்கம் போனார். பாதி வார்த்தை தெரியாமல், அந்த இடத்திலெல்லாம் "தன்னானே" போட்டு நிரப்பினார். ஆனால் தாளம் மட்டும் கடிகாரம் மாதிரி விழுந்தது.

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓர் அடி வைத்தார். பிறகு இன்னொன்று. பட்டாணியும் கைதட்டிப் பாடினாள். அண்ணன் கதவைத் தட்டித் தாளம் போட்டான். அம்மாவின் கை வாசல் கதவைத் தொட்டது.

சமையலறையில் 'டிங்' என்றது. ஸ்டீரியோ மறுபடியும் முழங்கத் தொடங்கியது. அப்பா ஒத்தடப் பையோடு வெளியே வந்து, கதவருகே நின்ற அம்மாவைப் பார்த்து வாயடைத்து நின்றார்.

அத்தை ஸ்டீரியோவைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். அப்பா கையிலிருந்த பையைப் பார்த்தார். கடைசியாகப் பட்டாணியைப் பார்த்தார்.

"அந்த அடுப்புதான் காரணமா?"

பட்டாணி தலையை மெல்ல ஆட்டினாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"காலையிலதான் அத்தை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு." பட்டாணி தரையைப் பார்த்தாள். "ஊருக்குப் போயிடுவீங்களோன்னு."

கூடத்தில் எல்லோரும் அத்தையின் முகத்தையே பார்த்தார்கள். அது சுருங்கியது, கோணியது, பிறகு மலர்ந்தது.

"இத்தனை நாளா நானே பாட்டை நிறுத்திட்டு, பெட்டி சரியில்லன்னு கடைக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தேனே," என்று சொல்லி, பட்டாணியை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"நின்னதும் நல்லதாப் போச்சு அண்ணி," என்றார் அம்மா. "பாட்டு நின்னாலும் நடக்கலாம்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது. அதோட, உங்க பாட்டுகிட்டேருந்து தப்பிக்கவாவது வாசலுக்குப் போய்ச் சேரணும்னு இருந்துச்சு."

அத்தை கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று அண்ணன் பயந்தான். ஆனால் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அத்தைதான். கதவைத் தொட்ட பிறகும் அம்மா அவர் கையை விடவில்லை.

மறுநாள் மாலை அம்மா சுவரைப் பிடித்தபடி தானாகவே சமையலறைக்குள் போனார். "நீங்க போய் உட்காருங்க அண்ணி," என்று அத்தையை வெளியே அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் அழைக்க, பட்டாணி போய் டீக்கோப்பையை வாங்கி வந்தாள். அம்மா பின்னாலேயே நடந்து வந்து, கோப்பையைத் தன் கையில் வாங்கி அத்தையிடம் நீட்டினார்.

"நான் படுத்திருந்தப்போ எல்லாம் நீங்கதான் கொடுத்தீங்க. இது நான் கொடுக்கறது."

அத்தை கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா நாற்காலிக்குத் திரும்பி நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. டீயின் மேல் ஆடை படிந்தது.

"ஆறிடுச்சே அத்தை," என்றான் அண்ணன். "மைக்ரோவேவ்ல வச்சு எடுத்துட்டு வரட்டுமா?"

ஸ்டீரியோ அப்போது அழகாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

"வேணாம்டா," என்றார் அத்தை. "பாட்டு ஓடட்டும்."

ஆறிப்போன அந்த டீயை, ஒரு சொட்டு மீதி வைக்காமல் ரசித்துக் குடித்தார்.