ஆறு சீட்டு, ஏழு பேர்

விடிந்ததும் விடியாததுமாய்ச் சமையலறையில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. ஓரகத்திக்குக் கோபம் வந்தால் முதலில் மூடிகள்தான் பேசும்.

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள், கட்டிய புருஷனே சில சமயம் மறந்துபோய், "அண்ணி எங்கே?" என்பார்.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையை அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ள, ஆப்பிரிக்கப் பயணத்துக்கான ஏற்பாடெல்லாம் அண்ணியின் பொறுப்பு. புல்லைத் தேடி லட்சக்கணக்கில் நகரும் வைல்டுபீஸ்ட் கூட்டம் எந்த மாதத்தில் ஆற்றைத் தாண்டும், என்ன நிறத்தில் உடுத்தினால் ஈ மொய்க்காது, குட்டி விமானத்தில் எந்தப் பையை ஏற்றுவார்கள்... எல்லாம் அவள் விசாரித்ததுதான். மாடுமல்லாத குதிரையுமல்லாத அந்த ஜீவன்கள் முதலைகளுக்கு நடுவே தண்ணீரில் குதிப்பதைப் போனில் பார்த்துக்கொண்டே, எத்தனை நாள் பாலைப் பொங்கவிட்டிருப்பாள்!

ஆனால் ஜீப்பில் ஆறு சீட்டுதானாம். வீட்டிலோ ஏழு பேர்.

"நான் கடையப் பாத்துக்கறேன். எல்லாத்தையும்தான் போன்ல பாத்தாச்சே!" என்று நேற்று சாப்பாட்டு மேஜையில் சிரித்தபடி சொல்லிவிட்டாள். ஒருத்தராவது, 'நீயும் வா' என்று... ஒரு வார்த்தை... ம்ஹூம். எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"ஏன்க்கா, எங்ககூட வர அவ்வளவு கசக்குதா?" ஓரகத்தி ஒருவழியாக வாயைத் திறந்தாள்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லடி..."

"பின்னே? நீங்க தியாகின்னு பேரு வாங்கிப்பீங்க. நாங்க அங்க போய்ப் பல்ல இளிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கணுமாக்கும்! எனக்குச் சோறு எறங்குமா அங்க?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டிராவல்ஸ்காரரிடமிருந்து போன். கொழுந்தன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், ராத்திரியிலேர்ந்து நாலு மெசேஜ். உங்க அண்ணன், நீங்க, உங்க வீட்டம்மா, அண்ணன் பொண்ணு... நாலு பேருமே 'நான் வரல, என் சீட்ட அண்ணிக்குக் குடுங்க, அம்மாவுக்குக் குடுங்க, வீட்ல சொல்லாதீங்க'ன்னா என்ன அர்த்தம்? ஒருத்தருக்கு நாலு சீட்டா? அவங்களும் வரலன்னுட்டாங்க. மிச்சம் உங்க ரெட்டைப் பசங்கதான். ஏழு வயசுப் பிள்ளைங்கள மட்டும் சிங்கத்துகிட்ட அனுப்பறீங்களா?"

ஓரகத்தி கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

"நீயுமாடா?" என்றார் அண்ணன்.

"நீ மட்டும் யோக்கியமாண்ணே?"

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அவர் காதுமடல் சிவந்திருந்தது. "நேத்தே சொல்லியிருந்தா நீ ஒத்துக்கவா போற..." என்று முணுமுணுத்தார்.

மூலையில் மகள் விசும்பினாள். பத்தாவது படிக்கிற பெண். "நான் ஒண்ணும் தியாகம் பண்ணலம்மா... எனக்குப் பயம்! கூடாரத்துல துணிதானாம் சுவரு. வெளியில சிங்கம் கத்துமாம். நீ இல்லாம நான் எப்படித் தூங்குவேன்? நீ போயிட்டு வா, நான் இங்கயே இருந்துக்கறேன்..."

"அட என் கண்ணே!" அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் தேங்கியிருந்ததெல்லாம் கண்ணீராய்க் கொட்டியது.

"எல்லாரும் அழுது முடிச்சாச்சுன்னா ஒண்ணு சொல்றேன்," என்றது போன். "ஜீப்புல பின்னாடிதான் ஆறு சீட்டு. டிரைவர் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. அன்னைக்கு 'ஆறு'ன்னு நான் வாயெடுத்ததுமே, 'அப்ப நான் வரல'ன்னு மேடம் போன வெச்சுட்டாங்க!"

வீடே அதிர்ந்தது.

"முன் சீட்டு எனக்கு!" என்றது ஒரு வாண்டு.

"எனக்கு!" என்றது மற்றது.

"போட்டோ எடுக்கறவன் நான்டா!" கொழுந்தனும் போட்டியில் குதித்தான்.

"சரி, நீங்களே..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த அண்ணி, சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முன் சீட்டு எனக்குத்தான். யாருக்கும் தரமாட்டேன்."

ஓரகத்திதான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இப்படி ஒரு வார்த்தை உங்க வாயால கேக்க இத்தனை வருஷமாச்சேக்கா!" அழுகிறாளா, சிரிக்கிறாளா, அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப கூடாரத்துல?" மகள் மெல்லக் கேட்டாள்.

"உன் பக்கத்துல."

"ஏம்மா... அப்ப நான் எங்க உக்கார்றது?" என்றார் புருஷன் பாவமாய்.

"பின்னாடிதான் ஆறு இருக்கே," என்றாள் அண்ணி. "போய் எடம் பிடிங்க!"