பச்சை வராத இடம்

தேர்வு நாளென்றால் ஜெபக்கனி அக்கா பெட்டியிலிருந்து எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். ஏதோ தன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதுபோல. அன்றும் அப்படித்தான் வந்து கட்டிலில் படுத்து, வயிற்றில் ஜெல் பட்டதும் "யாத்தே, குளுருது!" என்று ஒரு கூச்சல் போட்டாள். வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

கோவில்பட்டி மருத்துவக் கல்லூரியில் ஒலிப்படப் பயிற்சிக்கு நான்தான் ஆசிரியை. பெயர் உலகம்மாள். ஜெபக்கனி எங்கள் மாதிரியுடல். மாணவர்கள் ஸ்கேன் எந்திரத்தின் ஒலிக்கோலைப் பிடித்துப் பழகுவதற்காக வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பது அவள் வேலை. மற்ற நாட்களில் பள்ளிச் சீருடை தைப்பாள். மாதிரியுடலாக வருகிறவர்கள் பெரும்பாலும் படுத்த உடனேயே தூங்கிவிடுவார்கள். இவள் தூங்க மாட்டாள். பிள்ளைகள் தடுமாறினால் இவளுக்குப் பொறுக்காது.

"தம்பி, அங்கன வேண்டாம்யா. ரெண்டு விரக்கடை கீழ எறக்கு. பச்சை வந்துரும்," என்பாள்.

வந்துவிடும்.

பச்சை என்பது பிடிவிளக்கு. ஒலிநோக்கி என்று நாங்கள் சொல்லும் ஸ்கேன் எந்திரத்தின் முகப்பில் ஒரு சின்ன விளக்கும் ஓர் அம்புக்குறியும்தான் உண்டு. ஒலிக்கோலைச் சரியான இடத்தில், சரியான சாய்வில் வைத்தால் விளக்கு பச்சையாகும். உடனே உள்ளே இருந்துகொண்டு நோயைக் கணித்துச் சொல்லும் தீர்ப்பி பேசும்: "வலச் சிறுநீரகம், இயல்பு." அல்லது "கல் உள்ளது, அறுவைப் பிரிவுக்கு அனுப்புக." பச்சை வராவிட்டால் "சரியாகப் பிடிக்கவும்" என்று மட்டும் சொல்லி அம்பைக் காட்டும். அம்பு காட்டும் பக்கம் மாணவர்கள் நகர வேண்டும். பாடத்திட்டம் அவ்வளவுதான். அதற்கு இரண்டு பருவம், ஒரு பேராசிரியர், ஒரு நான்.

ஒரு காலத்தில் எந்திரத்தில் படம் தெரிந்ததாம். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் கலைத்துவிடுகிறார்கள் என்று திரையைத் தாயிடமிருந்து திருப்பி வைத்தார்கள். டாக்டர்கள் கண்ஜாடை காட்டிக் காசு பார்த்தார்கள். ஆகவே மூடுதிரைச் சட்டம் போட்டு டாக்டர்களிடமிருந்தும் மூடினார்கள். அதுவரை எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மூடியிராவிட்டால் நான் பிறந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

ஆனால் மூடிய கை அத்தோடு நிற்கவில்லை. தீர்ப்பி மனிதரைவிடக் குறைவாகத்தான் தவறு செய்கிறது, படத்தைப் பார்த்த டாக்டர்தான் அதனோடு மல்லுக்கு நின்று காரியத்தைக் கெடுக்கிறார் என்று ஓர் ஆய்வு வந்தது. மூடுதிரைச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். எல்லா உறுப்புக்கும் திரையை மூடு, எல்லா எந்திரத்திலும் மூடு. கல்லீரலில் என்ன ஆண், பெண்? கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. மற்ற நாடுகளும் நம்மைப் பார்த்து மூடின. இன்று உலகம் முழுக்க ஒரே தீர்ப்பி, ஒரே விளக்கு. எங்கள் டீன் அருமைநாயகம் சார் படிக்கச் சேர்ந்த வருடம், பாடப்புத்தகத்தில் மிச்சமிருந்த படங்களையும் எடுத்துவிட்டார்களாம். அவரே இப்போது ஓய்வு பெறப் போகிறார்; படம் பார்த்தவர்கள் எல்லாம் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

படம் இல்லாதபோது தேர்வாளராக உட்கார்ந்திருக்கும் நான் எதைப் பார்ப்பது? கையைத்தான் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணைக்கூட எந்திரமே போட்டு, நேரே தலைநகருக்கு அனுப்பிவிடும். யாராவது மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று நானே சொல்லிச் சிரிப்பதுண்டு.

அன்று ஏழெட்டுப் பேர் முடித்திருப்பார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. வலது விலாவுக்குக் கீழே ஒலிக்கோல் வந்ததும் எல்லாக் கையும் ஒரே மாதிரி ஒரு தாண்டு தாண்டியது. ரோட்டில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆட்டோக்காரர் ஒடித்துப் போவாரே, அப்படி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் அதே கைகள் தாண்டவில்லை.

அடுத்து வந்தவள் ஷிபானா. வகுப்பில் முதல் மாணவி. அவளும் தாண்டினாள். பச்சை. இயல்பு. முழு மதிப்பெண்.

"ஷிபானா, அந்த இடத்தை ஏன் விட்டே?"

"எந்த இடம் மேடம்?"

"விலாவுக்குக் கீழே. கோலை வைக்கவே இல்லையே."

"அங்க பச்சை வராது மேடம்."

"வைக்காமலே எப்படித் தெரியும்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "சீனியர்ஸ் சொல்லியிருக்காங்க மேடம். ஜெபா அக்காவுக்கு வலப்பக்கம் ரெண்டு விரக்கடை கீழ பிடிக்கணும்னு. போன செட்டும் அப்படித்தான் பாஸ் பண்ணாங்க. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியுமாம்.

பச்சை வராததற்குக் கை தப்பாக இருப்பது ஒரு காரணம். நாங்கள் சொல்லிக்கொடுப்பது அது ஒன்றைத்தான். கை சரியாக இருந்து, அங்கே இருப்பது தீர்ப்பி இதுவரை கண்டிராத ஒன்றாக இருந்தாலும் பச்சை வராது. "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. "சரியாகப் பிடிக்கவும்" என்று பழியை நம் தலையில் போட்டுவிடும். நாமும் நல்ல பிள்ளையாக நகர்ந்துபோய், அதற்குப் பிடித்த இடத்தைக் காட்டி, "இயல்பு" என்று வாங்கிக்கொண்டு வருவோம். நகரத் தெரிந்தவர்களுக்கு டாக்டர் பட்டம் கொடுப்போம்.

நான் எழுந்துபோய் ஒலிக்கோலை வாங்கி அந்த இடத்திலேயே வைத்தேன். "சரியாகப் பிடிக்கவும்." நிமிர்த்தினேன், சாய்த்தேன், அழுத்தினேன். "சரியாகப் பிடிக்கவும்." இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை என்னுடையது. விளக்கு எரியவே இல்லை.

"மேடம், நீங்களுமா?" ஜெபக்கனி சிரித்தாள். "கீழ எறக்குங்க."

"அக்கா, இங்க எப்ப இருந்து பச்சை வரலை?"

"முந்தியெல்லாம் வரும். போன வருசம் பள்ளிக்கூடம் தொறக்குற சமயத்துல இருந்து வரல. பிள்ளைக பாவம், அம்பப் பாத்துப் பாத்து அலையுதுக. அதான் நானே எடத்தச் சொல்லிருதேன்." சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஏன் மேடம்?"

"வலி இருக்கா?"

"நாளெல்லாம் தையல் மெஷின மிதிச்சா இடுப்பு வலிக்கத்தான செய்யும்? ரொம்ப மெலிஞ்சிட்டியேன்னு வீட்டுல கேக்காவ. நல்லதுதானன்னு சொன்னேன்."

டீனுக்குச் சொல்லி அனுப்பினேன். தேர்வை நிறுத்திவிட்டேன் என்றதும் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

"உலகம்மாள், எந்திரம்தான் இயல்புன்னு சொல்லிட்டுதே?"

"கீழ இருக்கிறதைச் சொல்லிச்சு சார். இங்க ஒண்ணுமே சொல்லலை."

"ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"நான் லீவு கேட்டு எழுதினதுக்கு நீங்களும்தான் ஒண்ணும் சொல்லலை. அதுக்கும் அதான் அர்த்தமா?"

மாணவர்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப என்னதான் பண்ணணுங்கிறே?" என்றார்.

"படத்தைத் திறக்கணும்."

"நீயும் நானும் ஜெயில்ல களி தின்னணுமா?"

"நாம திறந்தாத்தான் சார் ஜெயில். உடம்புக்குச் சொந்தக்காரங்க கேட்டா காட்டணும்னு அதே சட்டத்துல இருக்கு."

இருந்தது. படம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஜனங்கள் எங்கே கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அந்த வரியை எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

ஜெபக்கனி எழுந்து உட்கார்ந்தாள். "என் வயித்தப் படம் புடிக்கீங்களா? இத்தன நாளா புடிச்சீங்களா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!" எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "காட்டுங்க," என்றாள்.

எந்திரத்தின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்தாள். அது சட்டத்தை ஒப்பித்துவிட்டு, நிச்சயமாகத்தான் கேட்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. "ஆமா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். கடைசியில் முகப்பு மூடி விலகியது. உள்ளே திரை இருந்தது. நான் இந்த அறையில் பாடம் நடத்திய அத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அவளைப் படுக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒலிக்கோலை வைத்தேன். "சரியாகப் பிடிக்கவும்" என்றது எந்திரம். "வாயை மூடு," என்றேன். திரையில் சாம்பல் நிறமாக ஏதோ வந்தது. கறுப்புத் தரையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டியதுபோல இருந்தது. அவள் மூச்சு விட, அதுவும் ஏறி இறங்கியது. அறை முழுக்க டாக்டர்களும் டாக்டராகப் போகிறவர்களும் எட்டி எட்டிப் பார்த்தோம்.

ஷிபானாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மேடம், இதுல எது மேல, எது கீழ?"

எனக்குத் தெரியவில்லை.

டீனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்தார். "இது எலும்பா இருக்கலாம்," என்று மென்று விழுங்கினார். ஒரு பையன் கறுப்பாக இருப்பதுதான் கட்டி என்றான். வெள்ளையாக இருப்பதுதான் என்றாள் இன்னொருத்தி. நான் கையைக் கொஞ்சம் அசைத்தேன். கறுப்பு வெள்ளையானது, வெள்ளை கறுப்பானது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எந்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். எந்திரத்தைச் சொல்லி என்ன பயன்? அது தெரிந்ததைச் சொல்கிறது. பார்க்கிற கண்ணை வேண்டாம் என்று சொல்லிப் பிடுங்கியது மனிதர்கள். பிடுங்கியபோது கைதட்டியது எங்கள் வாத்தியார்கள். அவர்கள் கொடுத்த மெடலை வீட்டில் மாட்டி வைத்திருப்பது நான்.

"மேடம், என்னோடதையும் திறங்க," என்றாள் ஷிபானா. "பக்கத்துல வச்சுப் பாக்கலாம்." சொன்னதோடு நிற்காமல் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு எந்திரம் இருந்த காலிக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். விரலை வைத்தாள். அதே இடத்தில் நான் ஒலிக்கோலை வைத்ததும் பளிச்சென்று பச்சை. "வலச் சிறுநீரகம், இயல்பு." திரையில் சாம்பலுக்கு நடுவே மொச்சைக்கொட்டைபோல ஒரு வடிவம் தெரிந்தது. சிறுநீரகம் என்று தீர்ப்பி சொல்லிவிட்டதால் சிறுநீரகம் என்று தெரிந்துகொண்டோம். ஒரு மருத்துவக் கல்லூரியின் லட்சணம் இது.

இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து மாறி மாறிப் பார்த்தோம். ஷிபானாவிடம் முழுதாக இருந்த மொச்சை ஜெபக்கனியிடம் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. மேல்பாதி இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று கரடுமுரடாக அடைத்துக்கொண்டு இருந்தது. அந்தக் கீழ்ப்பாதியைக் காட்டித்தான் இரண்டு செட் பிள்ளைகள் பச்சை வாங்கியிருக்கிறார்கள்.

டீன் வராந்தாவுக்குப் போய் அறுவைப் பிரிவுத் தலைவரை அழைத்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் கை அசைவது தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"தீர்ப்பி கொடுக்கிற தீர்ப்பு எண் இல்லாம ஆபரேஷன் தியேட்டர் கதவே திறக்காதாம். அதை உடைச்சுக்கூடத் திறக்கிறேங்கிறார். ஆனா என்னன்னு கேக்கிறார். கட்டியா, சீழா, எவ்வளவு ஆழம், எந்த ரத்தக் குழாயோட ஒட்டியிருக்குன்னு கேக்கிறார். தெரியாம கத்தி வச்சா மேஜையிலேயே போயிரும்ங்கிறார்." என்னைப் பார்த்தார். "நான் என்ன சொல்ல?"

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கேள்வியில் வழி தெரியாமல் நின்றது. இதே படத்தைத் தீர்ப்பியை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பலாம். பெயர் தெரியாத இதுபோன்ற படம் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை சேர்கிற ஆயிரம் பேரில் இவள் ஒருத்தியாக இருப்பாள்.

ஜெபக்கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இருக்கா மேடம்?"

"இருக்கு அக்கா."

"என்னது அது?"

"தெரியலை அக்கா."

"தெரியலைன்னா? வாரா வாரம் இந்தக் கட்டில்ல கெடந்தேனே. அத்தன பேரும் தடவித் தடவிப் பாத்தீங்களே. பிள்ளைக பாஸாகணும்னு மூச்ச அடக்கி அடக்கிக் காட்டுனேனே. என்னத்தத்தான் பாத்தீங்க?"

ஷிபானா விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். மேஜைமேல் இருந்த கருவி ஷிபானாவுடைய முழு மதிப்பெண்ணை அறிவித்து ஒரு மணி அடித்தது.

"அழாத தாயி," என்றாள் ஜெபக்கனி எரிச்சலோடு. "அழுது என்ன ஆவப்போவுது?" தையல் துணிகள் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கட்டிலுக்கடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"சரி மேடம். உங்களுக்குத் தெரியல. இந்தப் படத்தப் பாத்துச் சொல்லத் தெரிஞ்ச டாக்டர் எந்த ஊர்ல இருக்காவ? மதுரையா, மெட்ராஸா, டெல்லியா? எங்கன்னாலும் போறேன். ஊர் பேர மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, நான் பெயரைச் சொன்னதும் கிளம்பிவிடத் தயாராக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.